வேலை, சம்பளம், சட்டம்: தேக்காவில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து உட்காருவோம். சம்பளச் சீட்டு புரியாதவர்கள், கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவர்கள் வருவார்கள். பெர்மிட்டில், அதாவது வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதியில், இருக்கும் தம்பிகள்தான் அதிகம். ஆனால் டெலிவரி ஓட்டும் உள்ளூர்ப் பிள்ளைகள், ஐம்பதைத் தாண்டி வேலை போன அக்காமார், ஐடி கம்பெனி மேலாளர்கள்கூட வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. படித்தும் உடன் போய் நின்றும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எந்தச் சட்டம் என்னைக் காக்கிறது?

அடிப்படை, 1968இல் வந்த வேலை நியமனச் சட்டம். அது வந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் படை சிங்கப்பூரை விட்டுப் போகப்போவதாக அறிவித்த ஆண்டு. செம்பவாங் கடற்படைத் தளத்தில் நம்மவர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த காலம். அந்த ஆண்டில் தொழிலாளர் அமைச்சுப் பொறுப்பும் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினத்திடம் வந்து சேர்ந்தது. முதலீடு வரவேண்டும், வேலை பெருகவேண்டும் என்ற கவலையில் எழுதப்பட்ட சட்டம் அது. அதனால்தான் அதில் பாதுகாப்பும் இருக்கிறது, முதலாளிக்குக் கொடுத்த இடமும் இருக்கிறது.

பல பத்தாண்டுகள் அந்தச் சட்டம் மேலாளர்களையும் நிர்வாகிகளையும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் சம்பள வரம்பு நீக்கப்பட்டது. இப்போது மாதம் பத்தாயிரம் வாங்குபவருக்கும் சம்பளம் நேரத்துக்கு வரவேண்டும், ஆண்டு விடுப்பும் மருத்துவ விடுப்பும் உண்டு, அநியாயமாக வேலைநீக்கம் செய்தால் முறையிடலாம். ஆனால் வேலை நேரம், ஓய்வு நாள், ஓடி என்று நாம் சொல்லும் கூடுதல் நேர வேலை ஆகியவற்றைச் சொல்லும் நான்காம் பகுதிக்கு இன்னும் வரம்பு இருக்கிறது. உடல் உழைப்பு வேலை என்றால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. மற்ற வேலை என்றால் 2,600 வெள்ளி வரை. மேலாளர்கள் அதற்குள் வரமாட்டார்கள். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிகள் அநேகமாக எல்லோரும் இதற்குள் வருவார்கள்.

வெளிநாட்டு ஊழியர் என்றால், இதற்கு மேல் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டமும் உண்டு. பெர்மிட் நிபந்தனை, தங்குமிடம், மருத்துவச் செலவு எல்லாம் அதில் வருகின்றன.

ஓடி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று நானே எப்படிப் பார்ப்பது?

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி 2,288ஆல் வகுங்கள். 2,288 என்பது 52 வாரமும் வாரத்துக்கு 44 மணி நேரமும் பெருக்கி வருவது. கிடைப்பது உங்கள் ஒரு மணி நேரக் கூலி. அதில் ஒன்றரை மடங்கு ஓடி.

அடிப்படை 800 வெள்ளி என்றால் ஒரு மணி நேரம் 4.20 வெள்ளி, ஓடி 6.29 வெள்ளி. மாதம் 60 மணி நேரம் ஓடி செய்தவருக்கு 377 வெள்ளிக்கு மேல் வரவேண்டும். "ஓடி மணிக்கு ஐந்து வெள்ளிதான், எல்லோருக்கும் ஒரே ரேட்" என்று சூப்பர்வைசர் சொன்னால் அது சட்டத்தில் இல்லாத ரேட். ஓய்வு நாளில் முதலாளி கேட்டு முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி வாங்கக் கூடாது என்பது பொது விதி.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடி. விவரம் பிரித்துக் காட்டும் சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். வேலையின் முக்கிய நிபந்தனைகளை வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும் என்பதும் அப்போதே வந்தது.

இங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு, மூலையெல்லாம் சிமெண்ட் படிந்து கெட்டியாகியிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: தேதி, தளம் இருக்கும் சாலை, ஏறிய நேரம், இறங்கிய நேரம், கூட இருந்தவர் பெயர். மழையில் வேலை நின்ற நாளில் "மழை, 2 மணி" என்று எழுதியிருந்தார். பேனா தீர்ந்த இடத்தில் பென்சில். பதினொரு மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. கம்பெனி காட்டிய நேரத்தாளில் எல்லா நாளும் காலை எட்டு, மாலை ஐந்து என்று ஒரே கையெழுத்தில் ஒரே மையில் இருந்தது. சமரசப் பேச்சில் இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் கம்பெனியின் ஆள் சிறிது நேரம் பேசவில்லை. முழுத் தொகையும் வரவில்லை, ஆனால் பெரும்பகுதி வந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது.

சம்பளம் தராவிட்டால் எங்கே போவது? எத்தனை நாளுக்குள்?

டாடம் என்று நாம் சொல்லும் முத்தரப்புக் கூட்டணிக்கு. அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் சேர்ந்து 2017இல் அமைத்தது. இணையம் வழி சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கைக் கொண்டு முறையிடலாம். பெண்டமியர் சாலையில் மனிதவள அமைச்சின் சேவை நிலையம் இருக்கிறது, தேக்காவிலிருந்து தூரமில்லை.

முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். பேச்சில் தீர்ந்தால் உடன்பாட்டை எழுதிக் கையெழுத்திடுவார்கள். தீராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு நான்கு வாரத்துக்குள் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகவேண்டும். அங்கே இரு பக்கமும் வழக்கறிஞர் வரமுடியாது. சம்பளக் கோரிக்கைக்கு உச்ச வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் துணைக்கு வந்தால் 30,000.

நாள் கணக்குதான் நம்மவர்களை அதிகம் தோற்கடிக்கிறது. வேலையில் இருந்துகொண்டே கேட்டால், பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள். வேலையை விட்டுவிட்டால், கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அநியாய வேலைநீக்கம் என்றால் ஒரே மாதம். "முதலாளி நல்லவர், அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்" என்று காத்திருந்து காத்திருந்து நாள் தாண்டி வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்கு மிகவும் கஷ்டம். அவருடைய உழைப்பு உண்மை, கடன் உண்மை, ஆனால் அந்த மாதங்களைத் திரும்பப் பெற வழி அடைபட்டுவிட்டது.

சம்பளம் தராமல் இருப்பது குற்றம். குற்றம் நிரூபணமானால் முதலாளிக்கு 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

புகார் செய்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களே?

இதைக் கேட்காதவர் கிடையாது. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள்.

பெர்மிட்டை ரத்து செய்யும் உரிமை முதலாளிக்கு உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் சம்பளக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அதை விசாரிக்கும் வரை நீங்கள் இங்கே தங்க அமைச்சு சிறப்பு அனுமதி தரலாம், வேறு முதலாளியிடம் மாறவும் அனுமதிக்கலாம். வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனால், குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது" என்று சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லாமல் விமானம் ஏறாதீர்கள். பாஸ்போர்ட் உங்களுடையது. அதை முதலாளி பூட்டி வைக்கக் கூடாது.

கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், பழைய முதலாளி சம்மதிக்காவிட்டாலும் புதிய முதலாளி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தத் தேதிகளைப் போன் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இந்தப் பயத்தை முதலாளியும் அறிவார் என்பதுதான் என் மனதை அறுக்கும் விஷயம். ஒரு மனிதர் தங்கும் உரிமை அவருக்கு வேலை கொடுத்தவர் கையில் இருக்கும் வரை, எவ்வளவு நல்ல சட்டமும் பாதி பலத்தோடுதான் வேலை செய்யும். அதனால் தனியாகப் போகாதீர்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையமும் தன்னார்வ அமைப்புகளும் உடன் வரும். ஒரே கம்பெனியில் ஐந்து பேர் சேர்ந்து போனால் அதன் எடையே வேறு.

ஊரில் சொன்ன சம்பளம் ஒன்று, இங்கே தருவது ஒன்று. என்ன செய்வது?

பெர்மிட்டுக்கு அமைச்சு முதலில் தரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை, அதாவது ஐபிஏ கடிதத்தை, எடுங்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். முதலாளி அமைச்சிடம் கொடுத்த வாக்கு அது. உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமலும், அமைச்சுக்கு எழுத்தில் தெரிவிக்காமலும் அதைக் குறைக்கக் கூடாது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நாங்கள் அலுக்காமல் சொல்வது இதற்காகத்தான். அந்தக் கையெழுத்துதான் பின்னால் "அவரே சம்மதித்தார்" என்று மேசைக்கு வரும்.

வேலை கொடுக்கவோ பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியை உங்கள் தலையில் கட்டுவதும் கூடாது. இங்குள்ள உரிமம் பெற்ற ஏஜெண்ட், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஊரில் லட்சக்கணக்கில் வாங்கும் ஏஜெண்ட்டை இந்தச் சட்டம் எட்டாது. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நடப்பதை பெண்டமியர் சாலையிலிருந்து பிடிக்க முடிவதில்லை. நிலத்தை அடகு வைத்து வருபவர்கள் அதிகம் இழப்பது அந்த இடத்தில்தான்.

வேலையில் அடிபட்டேன். முதலாளி "லைட் டியூட்டி போதும்" என்கிறார்.

வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம், தவறு யாருடையது என்று கேட்காது. வேலையால் காயம் என்றால் போதும். டாக்டர் எம்சி என்ற மருத்துவ விடுப்போ லைட் டியூட்டியோ எதைக் கொடுத்தாலும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநோயாளி எம்சி 14 நாள் வரையும் மருத்துவமனை விடுப்பு 60 நாள் வரையும் முழுச் சம்பளம், பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. இதைக் கணக்கிடும்போது வெறும் அடிப்படையை எடுக்கக் கூடாது. ஓடியும் சேர்ந்த சராசரி மாத வருமானத்தை எடுக்க வேண்டும். நாங்கள் பார்க்கும் சீட்டுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுதான். விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரவேண்டும்.

டாக்டரிடம் போகும்போது எப்படி அடிபட்டது என்பதை நீங்களே சொல்லுங்கள். கூட வந்தவர் "ரூமில் வழுக்கி விழுந்தான்" என்று சொல்லிவிட்டால் அதுவே குறிப்பில் ஏறிவிடும்.

வெயிலைப் பற்றியும் கேட்கிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து, ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்பநிலை 32 டிகிரியை எட்டினால், கடும் உடல் உழைப்புக்கு ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தரவேண்டும். 33 என்றால் 15 நிமிடம்.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு?

வேலை நியமனச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. பெர்மிட் நிபந்தனைகள்தான் காப்பு. 2023 தொடக்கத்திலிருந்து மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட்டாக வேண்டும். அந்த ஒரு நாளில் மாரியம்மன் கோவிலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தால், பல நேரம் அவர்களுடைய பிரச்சினை வெளியே வரும் முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும். சிறிய விதி போலத் தெரிந்தாலும் நான் மிகவும் மதிக்கும் விதி இது.

நான் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். நான் ஊழியரா, சொந்தத் தொழிலா?

இரண்டும் இல்லை. இணையத்தள ஊழியர் என்று இடையில் தனி வகை. அதற்கான சட்டம் 2024 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2025 ஜனவரி 1 நடைமுறைக்கு வந்தது. உலகில் பல நாடுகள் "ஊழியரா இல்லையா" என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தபோது சிங்கப்பூர் மூன்றாவது பெட்டி ஒன்றை உருவாக்கியது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அடிபட்டவர்களுக்கு அது உதவவில்லை.

இப்போது வேலையில் அடிபட்டால் ஊழியருக்கு உள்ள அதே அளவு காப்பீடு. 1995 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிச் சந்தா ஊழியர் விகிதத்தை நோக்கி ஆண்டுதோறும் கூடும், நிறுவனமும் போடும். முன்னால் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். சேர்ந்தால் திரும்ப வெளியே வரமுடியாது, அதனால் வீட்டில் பேசிவிட்டுச் சேருங்கள். மாதக் கையிருப்பு குறைகிறதே என்ற கவலை நியாயமானது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசாங்கம் முதல் சில ஆண்டுகளுக்கு ஈடு தருகிறது: 2025இல் கூடுதல் சந்தா முழுவதும், 2026இல் முக்கால் பங்கு, அதன்பின் பாதி, பிறகு கால்.

பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: நண்பர் கணக்கில் டெலிவரி ஓட்டாதீர்கள். பிடிபட்டால் பெர்மிட் போய்விடும்.

ஆட்குறைப்பு செய்தார்கள். இழப்பீடு கட்டாயமா?

கட்டாயமில்லை. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் அதிர்ந்துபோவார். ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ எழுதியிருந்தால்தான் சட்டப்படி கேட்க முடியும். இரண்டாண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை தருவது வழக்கம். வழிகாட்டிக் குறிப்பும் அதையே சொல்கிறது. சட்டமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, ஒருவரை ஆட்குறைப்பு செய்தாலும் அவருக்குத் தெரிவித்த 5 வேலை நாளுக்குள் அமைச்சுக்குச் சொல்லியாக வேண்டும். சில கம்பெனிகள் இதைத் தவிர்க்க "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், பேர் கெடாது" என்கின்றன. எழுதாதீர்கள். எழுதினால் கணக்கில் நீங்களாகப் போனவர். 2025 ஏப்ரலில் வந்த வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தன் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கானது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மிகாத குடிமக்களுக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் 1,500 வரை, பிறகு படிப்படியாகக் குறையும். பயிற்சிக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் போயிருக்க வேண்டும்.

"என் வேலையை இப்போது கணினியே செய்கிறது" என்று சொல்லும் அலுவலக ஊழியர்கள் இந்த ஓரிரு ஆண்டில் கூடியிருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன் பயிற்சிக் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி போடப்பட்டது. பலர் தொடவே இல்லை. வேலை இருக்கும்போதே அந்தப் பணத்தைப் பயன்படுத்துங்கள்.

செக்யூரிட்டி வேலை, துப்புரவு வேலை பார்ப்பவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டா?

எல்லோருக்கும் பொதுவாக இல்லை. துறைவாரியாகப் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது. குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மட்டும். பாதுகாவல் அதிகாரியின் மொத்தச் சம்பளம் 2024இல் குறைந்தது 2,650 வெள்ளியாக இருந்தது, 2028க்குள் 3,530 ஆக உயரும். பொதுத் துப்புரவாளர் 2023 ஜூலையில் 1,570 வெள்ளியில் இருந்தார், 2028இல் 2,420க்கு வருவார். கம்பெனி இந்தப் படியைப் பின்பற்றாவிட்டால் துறை உரிமத்துக்கே ஆபத்து. அதனால் சீட்டில் உங்கள் பதவிப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

"மாண்டரின் தெரிந்தவர்கள் மட்டும்" என்று விளம்பரம் போடுகிறார்களே?

வேலைக்கு உண்மையிலேயே அந்த மொழி தேவை என்றால் கேட்கலாம். சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டுபவர் என்றால் நியாயம். கிடங்கில் பெட்டி அடுக்குபவருக்கு எதற்கு? இத்தனை காலம் இது வழிகாட்டி நெறிகளாக மட்டும் இருந்தது. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியது. வயது, தேசியம், பால், திருமணம், கர்ப்பம், குடும்பத்தைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதமாகிறது. 2027 இறுதியில் நடைமுறைக்கு வரத் திட்டம். 25 பேருக்குக் குறைவான கம்பெனிகளுக்கு முதலில் விலக்கு. நம்மவர்கள் பலர் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளில்தான், அதனால் அந்த விலக்கு எனக்கு உறுத்துகிறது.

அதுவரை விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நியாயமான வேலை நியமன நடைமுறைகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பிடம் கொடுங்கள். அமைச்சு அந்தக் கம்பெனியின் வெளிநாட்டு ஊழியர் அனுமதிகளை நிறுத்தி வைக்க முடியும். அதற்குக் கம்பெனிகள் பயப்படுகின்றன.

எனக்கு 62 வயது. ஓய்வு பெறச் சொல்ல முடியுமா?

வயதைக் காரணம் காட்டி முடியாது. ஓய்வு வயது 2022 ஜூலை முதல் 63, தகுதி உள்ளவருக்கு முதலாளி தொடர்ந்து வேலை தர முன்வர வேண்டிய மறுவேலை நியமன வயது 68. 2026 ஜூலை 1 முதல் 64, 69. 2030க்குள் 65, 70.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஐபிஏ கடிதம் அல்லது வேலை ஒப்பந்தம். சம்பளச் சீட்டுகள், எத்தனை கிடைத்ததோ அத்தனையும். வங்கிக் கணக்கில் பணம் ஏறிய விவரம். சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்; அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள். எம்சி சீட்டு. தாள் எதுவும் இல்லாவிட்டாலும் வாருங்கள், இருக்கிற நினைவை வைத்து இன்றைய தேதியிலிருந்து எழுத ஆரம்பிக்கலாம். நோட்டு எங்களிடம் இருக்கிறது, பேனாவும். ஆறு மணிக்கு மேல் கூட்டம் அதிகம், தங்குமிடத்துக்குப் போகும் லாரி எட்டரைக்குக் கிளம்பிவிடும் என்பவர்கள் நாலரைக்கே வந்துவிடுங்கள்.